அமெரிக்கக் கடலில் ஒரு ஹைதர் அலி

கிருஷ்ணகிரியில் ஹைதர் அலியின் பெயரைச் சொன்னால் யாரும் வியப்படைய மாட்டார்கள். ஊருக்குத் தலைக்கு மேலே சையத் பாஷா மலையும் அதன் உச்சியில் பழங்கோட்டையும் நிற்கின்றன. அந்தக் கோட்டை ஹைதரையும் அறியும், அவர் மகன் திப்புவையும் அறியும். ஆனால் நேயர்களே, அமெரிக்காவில் டெலவேர் என்னும் வளைகுடாவில், 1782-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8-ந் தேதி, ‘ஹைதர் அலி’ என்ற பெயர் தாங்கிய ஒரு கப்பல் ஆங்கிலேயரோடு பீரங்கிச் சண்டை போட்டது என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். அது கட்டுக்கதை அல்ல. அமெரிக்க சரித்திரத்தில் அழுத்தமாகப் பதிந்துவிட்ட சம்பவம். இன்னும் சுவையான சமாசாரம் என்னவென்றால், அந்தச் சண்டை நடந்தபோது நம்முடைய ஹைதர் அலி உயிரோடு இருந்தார். இங்கே ஆர்க்காட்டுச் சீமையில் கம்பெனிப் படையை அவர் விரட்டிக்கொண்டிருந்தார். அங்கே அவர் பெயர் கொண்ட கப்பல் கம்பெனிக்காரரின் அண்ணன் தம்பிமாரைக் கடலில் விரட்டியது.

இந்த அதிசயம் எப்படி நேர்ந்தது? அதைச் சொல்வதற்கு முன், கடற்கொள்ளைக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஒரு காகிதத்தின் விலை

கடலில் போகிற கப்பலை மறித்துச் சரக்கைப் பறிப்பவனுக்கு என்ன பெயர்? கொள்ளைக்காரன் என்பீர்கள். ஐரோப்பிய அரசர்கள் அவ்வளவு சுலபமாக விடை சொல்ல மாட்டார்கள். “அவனிடம் காகிதம் இருக்கிறதா?” என்று கேட்பார்கள். யுத்த காலத்தில் தனியார் கப்பல்களுக்கு அரசாங்கம் முத்திரை போட்டு ஓர் அனுமதிக் கடிதம் கொடுக்கும். ‘எதிரியின் கப்பலைப் பிடிக்கலாம், பிடித்ததில் பங்கு எடுத்துக்கொள்ளலாம்’ என்பது அதன் சாரம். அந்தக் கடிதம் சட்டைப் பையில் இருந்தால் அவன் வீரன். இல்லாவிட்டால் தூக்குமரம்.

காப்டன் கிட் என்பவனின் கதையைக் கேளுங்கள். 1696-ல், கடற்கொள்ளைக்காரர்களைப் பிடிப்பதற்கென்றே அரசாங்கக் கடிதம் பெற்று, நியூயார்க் துறைமுகத்திலிருந்து அவன் நம் இந்து மகா சமுத்திரத்துக்குப் புறப்பட்டான். கொள்ளைக்காரர் அகப்படவில்லை. 1698 ஜனவரியில் மலையாளக் கரைக்கு அப்பால் ‘கேதா மெர்ச்சண்ட்’ என்ற செல்வம் நிறைந்த வர்த்தகக் கப்பல் அகப்பட்டது. அதில் பிரெஞ்சுக்காரர் கொடுத்த அனுமதிச் சீட்டு இருந்தது. ஆகவே அது எதிரியின் கப்பல் என்பது அவன் வாதம். லண்டன் நீதிமன்றத்தில் அந்தச் சீட்டு அவன் கையில் கிடைக்கவில்லை. 1701 மே மாதம் தேம்ஸ் நதிக்கரையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். ஒரு காகிதம் கிடைக்காமற் போனதால் ஓர் உயிர் போயிற்று!

அவனுக்கு மூன்று ஆண்டு முன்னதாகவே, 1695-ல், ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயக் கொள்ளைக்காரன், சக்கரவர்த்தி ஔரங்கசீப்பின் ‘கஞ்ச்-இ-சவாய்’ கப்பலைச் சூறையாடினான். மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர்கள் அதில் இருந்தார்கள். அந்தத் தாக்குதலில் சேர வந்தவர்களில் ஒருவன் அமெரிக்காவின் ரோட் தீவைச் சேர்ந்த தாமஸ் ட்யூ. அந்நாளில் அமெரிக்கத் துறைமுகங்களில் இந்தியப் பட்டும் பொற்காசும் புழங்கியதென்றால், அவற்றில் ஒரு பகுதி இப்படிப் போய்ச் சேர்ந்ததுதான்.

கொள்ளைக்காரன் என்று பெயர் சூட்டினால்…

எண்பது ஆண்டுகள் உருண்டோடின. அதே அமெரிக்கர்கள் 1776-ல் சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். அவர்களிடம் பெரிய கடற்படை ஏது? ஆகவே வர்த்தகக் கப்பல்களுக்குப் பீரங்கி பூட்டி, அனுமதிக் கடிதம் கொடுத்துக் கடலில் இறக்கினார்கள்.

“அந்தக் கடிதம் செல்லாது” என்றது பிரிட்டன். “அமெரிக்கா என்று ஒரு தேசமே கிடையாது. இல்லாத தேசம் கொடுத்த கடிதத்துக்கு ஏது மதிப்பு? நீங்கள் ராஜத் துரோகிகள், கடற்கொள்ளைக்காரர்கள்” என்றது. 1777-ல் இதற்கென்றே ஒரு சட்டம் பிறந்தது. கடலில் பிடிபட்ட அமெரிக்கரை யுத்தக் கைதி என்று ஏற்காமல், விசாரணையும் இல்லாமல் சிறையில் வைக்கலாம் என்றது அந்தச் சட்டம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது, நேயர்களே! யுத்தக் கைதி என்றால் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டு வீடு திரும்பலாம். கொள்ளைக்காரன் என்றால் கிடக்க வேண்டியதுதான். நியூயார்க்குக்கு அருகே பாய்மரம் கழற்றிய பழைய கப்பல்களையே சிறையாக்கி, அவற்றின் அடித்தளத்தில் மாலுமிகளை அடைத்தார்கள். பசியாலும் காய்ச்சலாலும் அங்கே மாண்டவர்கள் 11,000 பேருக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஜோஷுவா பார்னி என்ற வாலிபனும் இப்படிப் பிடிபட்டவன்தான். 15 வயதிலேயே, கப்பல் தலைவர் நடுக்கடலில் இறந்துபோக, தானே கப்பலை நடத்திச் சென்றவன் அவன். அவனை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், பிளிமத் நகரத்து மில் சிறையில் போட்டார்கள். 1781-ல், பிரிட்டிஷ் அதிகாரியைப் போல் உடுத்திக்கொண்டு, பட்டப்பகலில் சிறை வாசலைக் கடந்து தப்பினான்! எப்படியோ அமெரிக்கா வந்து சேர்ந்தான். அவனிடம்தான் பென்சில்வேனியா ராஜ்யத்தார் ஒரு கப்பலை ஒப்படைத்தார்கள். கப்பலின் பெயர் ‘ஹைதர் அலி’.

அந்தப் பெயர் ஏன்?

1780 செப்டம்பர் 10-ந் தேதி காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் அடியோடு முறியடித்தார்கள். அதுவரை இந்தியாவில் கம்பெனிப் படை அப்படி ஒரு தோல்வியைக் கண்டதில்லை. அந்தச் செய்தி கடல் தாண்டிப் பரவிற்று. அமெரிக்கருக்கும் ஹைதருக்கும் எதிரி ஒருவர்தான்: ஆங்கிலேயர். நண்பரும் ஒருவர்தான்: பிரெஞ்சுக்காரர். எதிரிக்கு எதிரி நமக்குச் சொந்தக்காரன்தானே? முகம் பார்த்தறியாத அந்தச் சொந்தக்காரரின் பெயரைத்தான் பிலடெல்பியா நகரத்தார் தங்கள் கப்பலில் எழுதினார்கள்.

கப்பல் சிறியது, 16 பீரங்கிகள். எதிரே வந்த ‘ஜெனரல் மங்க்’ பெரியது. 20 பீரங்கிகள், குண்டுகளும் கனமானவை. இரண்டும் நெருங்கின. பார்னி தன் சுக்கான்காரனை முன்பே அழைத்து, “நான் சத்தம் போட்டு என்ன உத்தரவு கொடுத்தாலும், அதற்கு நேர்மாறாகத் திருப்பு” என்று சொல்லி வைத்திருந்தான். சமயம் வந்தது. எதிரியின் காதில் விழும்படி ஓங்கிக் கூவினான். எதிரிக் கப்பலும் அதை நம்பி அதற்கேற்பத் திரும்பிற்று. ஹைதர் அலியோ மறுபக்கம் திரும்பி நின்றது! எதிரியின் முன்மரம் இதன் பாய்க் கயிறுகளில் வசமாய்ச் சிக்கிக்கொண்டது. அசைய முடியாமல் நின்ற கப்பலின் மீது பீரங்கிகள் முழங்கின.

சுமார் அரை மணி நேரந்தான். ஜெனரல் மங்க் கொடியை இறக்கியது. அதில் 20 பேர் மாண்டார்கள். 33 பேர் காயமுற்றார்கள். ஹைதர் அலியில் இறந்தவர் 4 பேர், காயமுற்றவர் 11 பேர். வெற்றிதான். ஆனால் மாண்ட இருபத்து நான்கு பேரும் யாரோ தாய் பெற்ற பிள்ளைகள் என்பதையும் மறப்பதற்கில்லை. பிலிப் பிரினோ என்ற கவிஞர் இந்த வெற்றியைப் பாட்டாகப் பாடினார். அவரும் சிறைக் கப்பலில் கிடந்து மீண்டவரே. ஆங்கிலேயர் அமெரிக்கக் கைதிகளை யுத்தக் கைதிகளாக ஏற்றுக்கொண்டதும் அதே 1782-ம் ஆண்டில்தான். யார் கொள்ளைக்காரன் என்பதைத் தீர்மானிப்பது நியாயமா, யுத்தத்தின் முடிவா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

தோற்ற இடமும் வென்ற இடமும்

ஓசூர்க்காரர்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு பாத்தியதையும் உண்டு. 1781 அக்டோபர் 19-ந் தேதி அமெரிக்காவில் யார்க்டவுன் என்ற ஊரில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. படைத்தலைவர் காரன்வாலிஸ் பிரபு. உடம்பு சரியில்லையென்று சொல்லி, வாளை ஒப்படைக்கத் தம் உதவித் தளபதியை அனுப்பிவிட்டார். அதே காரன்வாலிஸ் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். திப்புவோடு போர் மூண்டது. 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியபோதோ தானியம் இல்லை, மாடுகள் செத்து விழுந்தன; பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

கீழே சென்னைச் சீமையிலிருந்து அரிசியும் மாடும் மலையேறி வந்தால்தான் படை பிழைக்கும் என்று அப்போது புரிந்தது. அந்த வழியைக் காத்து நின்றவை எவை? ஓசூரும் ராயக்கோட்டையும்! 1791 ஜூலையில் இரண்டும் அவர் கைக்கு வந்தன. ஆனால் கிருஷ்ணகிரி மலை மட்டும் மசியவில்லை. நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் அடிவாரப் பேட்டையைப் பிடித்து, மேல் கோட்டையில் ஏற முயன்றார். மேலேயிருந்து பாறைகள் உருண்டு வந்தன. ஏணிகள் நொறுங்கின, படை இறங்கி ஓடிற்று. ஆயினும் 1792 உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் காகிதத்தின் மூலம் கம்பெனிக்குப் போயிற்று. பாறையை வெல்ல முடியாதவர்கள் பத்திரத்தால் வென்றார்கள்!

பார்னி என்ன ஆனான்? 1814-ல் ஆங்கிலேயர் மறுபடியும் அமெரிக்காவின்மேல் படையெடுத்தார்கள். வாஷிங்டன் நகருக்கருகே பிளேடன்ஸ்பர்க்கில் பலரும் ஓடிவிட, பார்னியும் அவன் மாலுமிகளும் நின்று போரிட்டார்கள். தொடையில் குண்டு பாய்ந்து அவன் பிடிபட்டான். அன்று அமெரிக்கப் படையைக் கலங்கடித்தவற்றுள் ஒன்று ராக்கெட் வாணம். அதைச் செய்தவர் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர். அவருக்கு வழிகாட்டியவை மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் வாணங்கள்! ஹைதரின் பெயரால் வென்றவன், ஹைதர் வீட்டு ஆயுதத்தின் பேரப்பிள்ளையை எதிர்த்து நிற்க நேர்ந்தது. சரித்திரம் செய்யும் குறும்புகளுக்கு அளவேது?

இன்று காரன்வாலிஸின் அரிசி மூட்டைகள் ஏறிவந்த அந்தப் பக்கத்துச் சாலைகளில், ஓசூரில் உருவான லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் கைக்கடிகாரங்களும் இறங்கிப் போகின்றன. கடல் கடந்தும் செல்கின்றன. அடுத்த விடுமுறைக்குக் குழந்தைகளோடு சையத் பாஷா மலை ஏறினால், உச்சியில் சற்று உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். “அமெரிக்காக்காரருக்கு நம் ஊர்ப் பக்கம் எப்படித் தெரியும்?” என்று அவர்கள் நிச்சயம் கேட்பார்கள். விடைதான் இப்போது உங்களிடம் இருக்கிறதே!