மாலை 7 மணி மின்சாரத்துக்கு விலை என்ன?

புது தில்லி: காலை 11 மணிக்குச் சுழலும் மின்விசிறிக்கும் மாலை 7 மணிக்கு எரியும் விளக்குக்கும் வீட்டு மீட்டர் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் காட்டுகிறது. ஆனால், அந்த மின்சாரத்தை வாங்கி விநியோகிக்கும் நிறுவனத்துக்கு இரண்டும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. இந்த வேறுபாட்டின் சுமையை யார் ஏற்பது என்பதே நாட்டின் மின் கொள்கையில் இன்று தீராத வழக்கு.

2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டம் மின் வணிகத்துக்கு வாசல் திறந்தது. அதன் தொடர்ச்சியாக 2008 ஜூனில் நாட்டின் முதல் மின்சாரச் சந்தை செயல்படத் தொடங்கியது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நீண்டகால ஒப்பந்தங்கள் மூலமே வாங்கப்படுகிறது. சந்தையில் கைமாறுவது நூற்றில் பத்துக்கும் குறைவான பங்கே. எனினும், தட்டுப்பாட்டு நாளில் மாநிலங்கள் ஓடி வருவது இங்குதான்.

15 நிமிஷ ஏலம்: மறுநாளுக்குத் தேவையான மின்சாரத்துக்கு முந்தைய நாளே ஏலம் நடக்கிறது. ஒரு நாள் 15 நிமிஷங்கள் கொண்ட 96 பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. விற்போர் தங்கள் குறைந்தபட்ச விலையையும், வாங்குவோர் தாங்கள் தரக்கூடிய அதிகபட்ச விலையையும் தெரிவிக்கின்றனர். இரண்டும் சந்திக்கும் புள்ளியில் தீரும் விலையே அந்தப் பகுதிக்கு எல்லோருக்குமான விலை.

உதாரணமாக, புனல் மின்சாரம் ரூ.2-க்கும், பழைய அனல் நிலையத்தின் மின்சாரம் ரூ.4-க்கும், தொலைவிலிருந்து நிலக்கரி தருவிக்கும் நிலையத்தின் மின்சாரம் ரூ.8-க்கும் வருவதாக வைத்துக்கொள்வோம். தேவையை நிறைவு செய்ய மூன்றாவது நிலையமும் வேண்டுமெனில், மூவருக்கும் கிடைப்பது ரூ.8. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போது அந்த மூன்றாவது நிலையம் தேவைப்படுவதில்லை, விலை சரிகிறது. சூரியன் மறைந்ததும் அதே நிலையம் விலையை நிர்ணயிக்கிறது. மாலை மின்சாரம் விலையேறுவதன் காரணம் இதுவே.

2022-ன் பாடம்: அந்த ஆண்டு மார்ச்சில் கோடை முன்னதாகவே வந்தது. சந்தையில் ஒரு யூனிட் ரூ.20 வரை உயர்ந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு ரூ.12 என உச்சவரம்பு விதித்தது. பின்னர் அது ரூ.10 ஆகக் குறைக்கப்பட்டது.

விலை கட்டுப்பட்டது, தட்டுப்பாடு கட்டுப்படவில்லை. ஏப்ரல் 29-ம் தேதி நாட்டின் உச்ச மின் தேவை 2.07 லட்சம் மெகாவாட்டைத் தொட்டது. நிலக்கரி வேகன்களுக்கு வழிவிடப் பயணிகள் ரயில்கள் ரத்து செய்யப்பட்டன. உச்சவரம்பு விலையிலும் வாங்குவோர் மிகுந்திருந்தால், இருக்கும் மின்சாரம் அவரவர் கேட்ட அளவுக்கேற்ப விகிதாசாரமாகப் பங்கிடப்படும். பணம் தரத் தயாராக இருந்தும் மின்சாரம் முழுமையாகக் கிடைக்காது. இறக்குமதி நிலக்கரியை நம்பிய நிலையங்கள் கட்டுப்படியாகாது என ஒதுங்கியிருக்க, மே மாதத்தில் சட்டத்தின் 11-வது பிரிவைப் பயன்படுத்தி அவற்றை இயக்குமாறு மத்திய அரசு உத்தரவிட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் வேறொரு நெருக்கடி. மின் உற்பத்தி நிறுவனங்களுக்கு நிலுவை வைத்திருப்பதாகக் கூறி, தமிழகம் உள்ளிட்ட 13 மாநிலங்களின் விநியோக நிறுவனங்கள் சந்தையில் வாங்கத் தடை விதிக்கப்பட்டது. நிலுவையைச் செலுத்திவிட்டதாகச் சில மாநிலங்கள் வாதிட்டன. சந்தைக்குக் கடன் தெரியாது என்பது அப்போது புலனாயிற்று.

ஒரே நாள், இரு மசோதாக்கள்: 2022 ஆகஸ்ட் 8-ம் தேதி மக்களவையில் இரு மசோதாக்கள் வந்தன. மின்சாரத் திருத்த மசோதா, எதிர்க்கட்சிகளின் எதிர்ப்புக்கிடையே தாக்கலாகி நிலைக்குழுவுக்குச் சென்றது. 2024-ல் மக்களவையின் காலம் முடிந்ததும் காலாவதியானது. மற்றொன்றான எரிசக்திப் பாதுகாப்புத் திருத்த மசோதா அன்றே நிறைவேறியது. டிசம்பரில் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. கரியமில வாயு வர்த்தகத்துக்கு வழிவகுத்தது இச்சட்டமே.

இதன்படி 2023 ஜூனில் அறிவிக்கப்பட்ட திட்டத்தில், ஒரு டன் பொருள் தயாரிக்க எவ்வளவு கரியமில வாயு வெளியிடலாம் என ஆலைகளுக்கு இலக்கு விதிக்கப்படுகிறது. இலக்குக்குக் கீழே நிற்கும் ஆலை சான்றிதழ் பெற்று விற்கலாம். மீறும் ஆலை வாங்க வேண்டும். சிமென்ட், அலுமினியம், காகிதம் போன்ற தொழில்களுக்கு 2025-ல் இலக்குகள் வெளியாயின. ஆனால், நாட்டிலேயே மிக அதிகமாகக் கரியமில வாயு வெளியிடும் அனல் மின் நிலையங்கள் முதல் கட்டப் பட்டியலில் இடம்பெறவில்லை.

தயக்கத்துக்குக் காரணம் எளிய கணக்கு. நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகிறது. டன்னுக்கு ரூ.1,000 விலை வைத்து முழுமையாக வசூலித்தால் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் கூடும். மாலைச் சந்தையில் விலையை நிர்ணயிப்பது அனல் நிலையம் என்பதால், அந்த ஒரு ரூபாய் புனல் மின்சாரத்தின் விலையிலும் ஏறும். நீண்டகால ஒப்பந்தங்களிலோ, சட்ட மாற்றத்தால் வரும் கூடுதல் செலவை வாங்குவோரிடம் வசூலிக்க வழியுள்ளது.

முன்னுதாரணமும் உண்டு. 2010-ல் நிலக்கரி டன்னுக்கு ரூ.50 எனத் தொடங்கிய தூய எரிசக்தி மேல்வரி 2016-ல் ரூ.400 ஆனது. யூனிட்டுக்குச் சுமார் கால் ரூபாய்ச் சுமை. தூய எரிசக்திக்கென வசூலிக்கப்பட்ட பணம் 2017-க்குப் பின் ஜிஎஸ்டி இழப்பீட்டுக்குத் திரும்பியது. 2025 செப்டம்பரில் அந்த மேல்வரி நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான ஜிஎஸ்டி 5-லிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

வீட்டு வாசலில்: நேரத்துக்கேற்ற கட்டணத்தை 2023-ம் ஆண்டு விதிகள் வகுத்துள்ளன. சூரிய ஒளி நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் சலுகை. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகே இது பொருந்தும். விவசாயத்துக்கு விலக்கு உண்டு.

பகலில் மாவரைக்கவும் துணி துவைக்கவும் முடிந்த வீட்டுக்கு இது லாபம். இருவரும் வேலைக்குச் சென்று இருட்டியபின் திரும்பும் வீட்டுக்கு அப்படியல்ல. அவர்கள் அடுப்பேற்றுவதும், பிள்ளைகள் படிப்பதும் மாலை 7 மணிக்குத்தான். விலை உண்மையைச் சொல்ல வேண்டும் என்கிறது பொருளாதாரம். அந்த உண்மையின் சுமையைத் தாங்க இயலாதவருக்கு மானியம் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு முழுமை பெறும்.