திருகோணமலைக்கு ஒரு கனவு பாண்ட்

உலகத்தின் தலைசிறந்த ராக் கலைஞர் யார் என்ற வாக்குவாதம் எங்கள் கடற்கரையில் எழுந்தால், பீட்டில்ஸுக்கு முன்னால் நான் சொல்வது இந்த ஊர்ச் சகோதரர்களை: எம்.பி. பரமேஷ், எம்.பி. கோணேஷ். ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையை வளர்த்த பெயர்கள் அவை.

அவர்களை வைத்து நம் ஊருக்கு ஒரு கனவு பாண்ட் அமைப்போம். அந்தப் பாண்டுக்குப் பாட்டெழுதி மெட்டுப் போட நித்தி கனகரத்தினம்; 'சின்ன மாமியே' அவர் தந்ததுதான். முன்னால் நின்று பாட, 'சுராங்கனி'யைத் தமிழ்நாட்டு மேடைகள் வரை கொண்டுபோன ஏ.ஈ. மனோகரன். 2018இல் சென்னையில் மறைந்த அந்தக் குரலுக்கு மாற்று இல்லை.

தாளம்? அதற்கு வெளியூர் போகவே வேண்டாம். பாலையூற்றில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள். வயலின் இழுக்க, மேளம் கஃபிரிஞ்ஞா என்ற ஆட்டத் தாளத்தைத் தொடங்கும். ஆறு எண்ணிக்கையில் துள்ளும் அடி. பாட்டிமார் பாவாடை நுனியைப் பிடித்தபடி எழுந்துவிடுவார்கள். போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டியது 1624இல். அவர்கள் காலத்தில் வேர்விட்ட இந்தத் துள்ளலில் இருந்துதான் பைலா பிறந்தது. பைலாவின் தாளம்தான் நம் பொப் பாடல்களுக்கும் உயிர்.

பேஸ் கிட்டார் மட்டும் பாக்கி. அதற்குப் போல் மக்கார்ட்னியை அழைப்போம்.