"ஏன் ஒன்று இல்லை?"



பிளஸ் டூ முடிவுகள் வரும் மே மாதத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் பல வீடுகளில் சாப்பாடு இறங்குவதில்லை. எஸ்டேட்டில் லேத் ஓட்டும் தகப்பனுக்கும், டேங்க் பாக்டரிக்குப் போகும் தகப்பனுக்கும் ஒரே கனவுதான். 35 மார்க் எட்டாத பிள்ளையோ, "நான் எதற்கும் உதவாதவன்" என்று முடிவுகட்டிவிடுகிறான்.

அவனிடம் ஆலோசகர் முதலில் என்ன கேட்பது? "ஏன் தவறினாய்?" என்பதை வீடும் தெருவும் கேட்டாயிற்று; சபையில் நாமும் கேட்டிருப்போம். அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி கற்பித்த டென்னிஸ் சலீபி, 1992-ல் தொகுத்து வெளியிட்ட நூலில் வேறு வழியை எடுத்துரைத்தார்: குறையைத் தோண்டுமுன், அவனிடம் உள்ள தாலந்தைத் தேடுங்கள்.

கணக்கில் தவறிய ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் திறக்கமாட்டான். வீட்டு நிலையை மெதுவாக விசாரித்தால், விடியற்காலையில் அம்மாவின் இட்லிக் கடைக்கு மாவு சுமப்பதும், கடன் பாக்கியெல்லாம் அவன் மனக்கணக்கில் இருப்பதும் தெரியவரும். "இதை எப்படிப் பழகினாய்?" என்றதும் நிமிர்ந்து பார்ப்பான்.

"ஒன்றிலிருந்து பத்துக்குள் உன் நம்பிக்கை எத்தனை?"

"மூணு."

"ஏன் ஒன்று இல்லை?"

"அம்மா இருக்காங்களே."

அந்தப் பதில் அவனுடையது. மூன்றை நான்காக்க இந்த வாரம் என்ன செய்யலாம் என்பதையும் அவனே சொல்லவேண்டும். துணைத்தேர்வுக்கு விண்ணப்பம் போடுவதாகவும் இருக்கலாம், அப்பாவிடம் பேசுவதாகவும் இருக்கலாம். ஆலோசகர் அவசரப்பட்டுப் புத்தி சொன்னால் எல்லாம் கெட்டது.

ஆனால் இது முகஸ்துதி அல்ல. "நீ கெட்டிக்காரன்" என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவது ஆபத்து. சாக நினைக்கிறாயா என்று நேராகக் கேட்டே ஆகவேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆம் என்றால், தனியே விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும்.

சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய 'சிநேகா' இப்படிப்பட்டவர்களின் குரலைக் கேட்டு வருகிறது. தவறியவர்களுக்கு உடனே மறுதேர்வு வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் இவர்களும் உண்டு. இன்று துணைத்தேர்வில் தேறி அதே ஆண்டில் கல்லூரி சேரலாம். தேர்வு முடிவு வந்த அன்றைக்குப் பல பெற்றோருக்கு இது ஞாபகத்தில் இருப்பதில்லை; தயவுசெய்து சொல்லுங்கள்.

2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.