தங்கம் வென்று தந்தவருக்குக் கல்தா!

பெங்களூர் ஆக்கி ரசிகர்களிடம் 1998-ஐப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பழைய ஆட்கள் இன்றும் கொதிக்கிறார்கள்.

அந்த டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை டைபிரேக்கரில் 4-2 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது இந்தியா. 1966-க்குப் பிறகு 32 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த தங்கம்! கேப்டன் தன்ராஜ் பிள்ளை, புனே கட்கியில் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்த தமிழரின் மகன். கோலைக் காத்தவர் நம் ஊர் ஆஷிஷ் பல்லால். பயிற்சியாளர் எம்.கே.கௌசிக்.

கிடைத்த பரிசு என்ன தெரியுமா? கௌசிக்கின் பதவி பறிபோயிற்று. தன்ராஜ், பல்லால் உள்பட ஆட்டக்காரர்கள் சிலரும் நீக்கப்பட்டார்கள். அவர்களுக்கு ஓய்வு தருவதாகக் காரணம் சொல்லப்பட்டது. லீவு எழுதிக் கொடுத்தாலும் ஓய்வு கிடைக்காத குமாஸ்தாக்களுக்கு இது புதுமைதான்! படியும் வசதியும் கேட்டு வாய் திறந்ததற்குத் தண்டனை என்றே ரசிகர்கள் நம்பினார்கள்.

தோற்ற பயிற்சியாளரை மாற்றினால் யார் கேட்கப் போகிறார்கள்? ஜெயித்தவரை அனுப்பியதுதான் ஆறவில்லை.

2000-ல் சிட்னி ஒலிம்பிக்குக்கு அணியை அழைத்துப் போனவர் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன். 1980-ல் மாஸ்கோவில் அவர் தலைமையில் தங்கம் வென்ற அணியில் கௌசிக்கும் ஆடியவர். சிட்னியில் கிடைத்தது 7-வது இடம். 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக் நெருங்கிய வேளையில் ரஜீந்தர் சிங்கை நீக்கி, ஜெர்மானியர் கெர்ஹார்ட் ராக்கைக் கொண்டு வந்தார்கள். அங்கும் 7-வது இடம்தான்.