விக்கெட் கீப்பருக்கு 40 ரன் சராசரி குறைவா? சங்ககாரா சொல்லும் கணக்கு!

டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேனின் சராசரி 40 என்றால் 'பரவாயில்லை' என்போம். அதே 40-ஐ விக்கெட் கீப்பர் வைத்திருந்தால்? அது வேற லெவல்! ஏன்?

இலங்கையின் குமார் சங்ககாராவைப் பாருங்கள். 134 டெஸ்ட்களில் 12,400 ரன்கள், சராசரி 57.40. இதைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

* கீப்பராக ஆடிய 48 டெஸ்ட்: சராசரி 40.48
* கீப்பிங் செய்யாத 86 டெஸ்ட்: சராசரி 66.78

ஆள் அதே ஆள்தான். அனுபவம் கூடியதும் ஒரு காரணம். ஆனால் கிளவுஸின் சுமை சாதாரணமில்லை. ஒரு நாளுக்கு 90 ஓவர் என்றால், 540 முறை உட்கார்ந்து எழணும். அந்தக் களைப்போடுதான் பேட்டையும் பிடிக்கணும்.

அப்போ தோனி? டெஸ்ட் சராசரி 38.09. சச்சினின் 53.78-க்குப் பக்கத்தில் வைத்தால் குறைவாகத் தெரியும். அதே கீப்பர் வேலையைப் பார்த்த கிர்மானியின் 27.04, கில்கிறிஸ்டின் 47.60 ஆகியவற்றோடு வைத்தால்தான் அவரது உண்மையான இடம் தெரியும்.

அமெரிக்காவின் பேஸ்பாலிலும் இதே கதைதான். அங்கே பந்து பிடிக்கும் கேட்சரின் பேட்டிங்கை மற்ற கேட்சர்களோடு ஒப்பிட்டுத்தான் எடை போடுவார்கள்.

அடுத்த முறை 'கீப்பர் ரன்னே அடிக்கலையே' என்று யாராவது சொன்னால், 'யாரோடு ஒப்பிட்டு?' என்று கேளுங்கள்!