மடித்த வண்டியும் மீன் சருவமும்

“ஓடும், சரி. அப்பொ என் சருவத்த எங்கன வைக்க, மக்களே?”

கேட்டவர் ஒரு மூதாட்டி. கேட்கப்பட்டவர் ஓர் இளைஞர். இடம், நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்திலே புறப்படத் தயாராக நின்றிருந்த இராஜாக்கமங்கலம் பேருந்து. கேட்டுவிட்டுப் பொக்கைவாய் திறந்து சிரித்தார் அம்மையார். பேருந்திலே இருந்தோர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகுதான், அது சிரித்துவிட்டு மறந்துவிடத்தக்க கேள்வியல்ல என்பது நெஞ்சிலே தைத்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். தோழர் ஒருவர் இல்லத் திருமணம் இராஜாக்கமங்கலத்தில். அதற்காகப் பேருந்தில் இடம் பிடித்து அமர்ந்திருந்தோம். அப்போது நிலையத்துக்குள்ளே, நின்றபடியே மிதந்து வருவதுபோல வந்தார் அந்தத் தம்பி. காலடியில் ஒரு பலகை, பலகைக்கு முன்னும் பின்னும் குழந்தை விளையாட்டு வண்டிக்கு இருப்பது போன்ற இரு சிறு சக்கரங்கள், முன்னே நெட்டுக்குத்தாக ஒரு தண்டு, தண்டின் தலையிலே கைப்பிடி. புகை இல்லை, ஓசை இல்லை. பேருந்தருகே வந்து இறங்கினார். கொக்கி ஒன்றை விடுவித்தார். தண்டு பின்னோக்கிச் சாய்ந்தது. பின்சக்கரத்து மட்கார்டிலே போய் மாட்டிக்கொண்டது. அதுவரை வண்டியாக இருந்தது மூட்டையாகிவிட்டது! ஒரு கையால் தூக்கிக்கொண்டு படியேறினார்.

நடத்துநர் விடவில்லை. “தம்பி, இது என்னது? சைக்கிள்னா ஏத்த முடியாது, பாத்துக்கிடுங்க.”

“சைக்கிள் இல்லண்ணே. மடிச்சாச்சு. பெட்டின்னு நெனச்சுக்கிடுங்க.”

“பெட்டின்னா லக்கேஜ் ஆச்சே!”

விவாதம் சுவையாகத்தான் இருந்தது. வண்டியா, பெட்டியா? சட்டமன்றத்திலே கேட்டால் ஒரு நாள் ஓடும். கடைசியில் நடத்துநரே புன்னகைத்து, “சீட்டுக்கு அடியில தள்ளுங்க” என்றார். அடியிலே இடமில்லை. அங்கே ஏற்கெனவே இருந்தது அலுமினியச் சருவம் ஒன்று. நகருக்குள் மீன் விற்றுவிட்டு, துறைக்குத் திரும்பிக்கொண்டிருந்த அந்த அம்மையாரின் சருவம். கட்டணமில்லாச் சீட்டைக் கையிலே சுருட்டி வைத்துக்கொண்டு, மடித்த வண்டியை மேலும் கீழும் பார்த்தார். எத்தனை பேர் ஏறலாம் என்றார். ஒருவர்தான் என்றார் தம்பி. அதன்பிறகு பிறந்ததுதான் தொடக்கத்திலே நாம் சொன்ன கேள்வி.

தம்பியிடம் பேச்சுக் கொடுத்தோம். இராஜாக்கமங்கலத்துப் பிள்ளை. கோணத்திலே பாலிடெக்னிக் படிப்பு. கோணத்திலும் தொழிற்பேட்டை உண்டு என்றாலும், வேலை கிடைத்தது சென்னை கிண்டித் தொழிற்பேட்டையில், 1958-இலே தொடங்கப்பட்ட அந்தப் பழைய பேட்டையில். தாம்பரத்திலே அறை. அங்கிருந்து கிண்டிக்கு மின்சார இரயில்.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! தாம்பரத்துக்கு மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். வெள்ளையன் காலத்துத் தண்டவாளம் தொழிலாளியைக் கிண்டி நிலையம்வரை கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது, சில ரூபாய் செலவிலே. நிலையத்திலிருந்து பட்டறை வாசல்வரை? அந்த ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்கு என்ன வழி? ஆட்டோவுக்கு 2013-இலே அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு ஆட்டோ கிடைத்தவர்கள் கை தூக்குங்கள் என்றால், எத்தனை கை எழும் என்பது நம்மைவிட நமது தோழர்களுக்கே தெரியும்! நெடுந்தொலைவு மலிவு, குறுந்தொலைவு கொள்ளை. நடந்தால் இருபத்தைந்து நிமிடம். மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். தாமதமாகப் போனால் அரை நாள் கூலி வெட்டு. தொழிலாளியின் கூலி கரைவது பெரும்பாலும் அந்தக் கடைசி ஒன்றரைக் கிலோமீட்டரிலேதான்.

அந்த இடைவெளிக்காகத்தான் வாங்கினாராம் இந்த வண்டியை. இரண்டு மாதச் சம்பளம் போயிற்று என்றார், வருத்தமில்லாமல். நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் மிச்சம். அந்த நாற்பது நிமிடத்திலே என்ன செய்கிறாய் தம்பி என்றோம். “தூங்குறேன் அண்ணே” என்றார். இதைவிட நேர்மையான பதிலை நாம் கேட்டதில்லை.

இந்தப் பொறி புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1915-இலேயே அமெரிக்காவில் ஆட்டோபெட் என்றொரு வண்டி வந்தது. நின்றபடி ஓட்டுவது, பெட்ரோலில் ஓடுவது, கைப்பிடித் தண்டை மடக்கக் கூடியது. நியூயார்க்கிலே அஞ்சல்காரர்கள் அதிலே போனார்கள். இலண்டனிலே, பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கத்தைச் சேர்ந்த புளோரன்ஸ் நார்மன் அம்மையார் அதிலே ஏறித் தம் அலுவலகம் சென்ற படம் 1916-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உரிமை கேட்ட பெண், ஊர் பார்க்க நின்றுகொண்டே வண்டி ஓட்டினார்! ஆனால் அந்த வண்டி சில ஆண்டுகளிலே மறைந்தது. நூறாண்டு கழித்து, லித்தியம் மின்கலம் மலிந்த பிறகு, 2016-இலே சீனத்துச் சியோமி நிறுவனம் வெளியிட்ட மாதிரிதான் இன்று உலகமெங்கும் காணும் வண்டிகளுக்கெல்லாம் அச்சாக அமைந்தது. எடை ஏறத்தாழ 12 கிலோ. மோட்டார் 250 வாட். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். ஒருமுறை மின்னேற்றினால் 30 கிலோமீட்டர் என்பது விளம்பரக் கணக்கு. மேடும் பள்ளமும் உள்ள சாலையிலே அதற்குக் குறையும் என்பது தம்பியின் கணக்கு.

மின்சாரம் எவ்வளவு தெரியுமா? அந்த மாதிரியின் மின்கலம் கொள்ளுவது 280 வாட்-மணி. அதாவது ஒரு யூனிட்டிலே மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு குவளைத் தேநீரின் விலை ஆகாது. ஆனாலும் பட்டறையிலே மேலாளர், “உன் வண்டிக்கு எங்கள் கரண்டா?” என்று கேட்டாராம்! எந்தப் பட்டறை என்று நாம் கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் எழுதப்போவதில்லை. பத்துக் குதிரைத் திறன் மோட்டார் பகலெல்லாம் ஓடும் இடத்திலே, பணியாளனின் கைவண்டிக்குக் கால் யூனிட் கணக்குப் பார்க்கும் மனம் எங்கும் இருக்கிறது. வாடகைக் காரிலே வரும் அதிகாரியின் செலவைக் கணக்கெழுதும் பேனா மட்டும் தாராளமாக ஓடுகிறது.

நன்மை இவ்வளவு இருக்கிறதே, வாழ்த்திவிட்டுப் போகலாமே என்பீர்கள். வாழ்த்துகிறோம். ஆனால் தம்பியே சொன்ன குறைகளையும் கேளுங்கள். இரயில் நிலையத்துப் படிக்கட்டிலே 12 கிலோவைத் தூக்கி ஏறுவது தோளை இறக்குகிறது. நெரிசல் நேரத்துப் பெட்டியிலே அடுத்தவர் முழங்காலை இடிக்கிறது. அவர் முறைக்கிறார், முறைப்பதிலே நியாயம் இருக்கிறது. சக்கரமோ ஒரு சாண் அகலந்தான். ஆட்டோ தாண்டிப் போகும் குழியிலே இது மனிதனைத் தலைகுப்புறத் தள்ளும். மழையிலே வழுக்கும். தலைக்கவசம் சட்டப்படி வேண்டாமே என்று சிலர் விடுகிறார்கள். சாலைக்குச் சட்டம் தெரியாது, தலையை உடைத்துவிடும்.

சட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, சோதனை நிலையத்தின் சான்றும் பெற்ற மின்வண்டிக்குப் பதிவு வேண்டியதில்லை, ஓட்டுநர் உரிமமும் வேண்டியதில்லை. கடைக்காரர் ‘எதுவும் வேண்டாம்’ என்று சொல்லி, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதையும் அதே வாயால் விற்பார். வாங்கும் தோழர்கள் சான்றைக் கேட்டு வாங்குங்கள். மட்டமான மின்கலம் தீப்பிடிக்கும் என்பது கதையல்ல. இலண்டனிலே 2021 நவம்பரில் சுரங்க இரயிலுக்குள்ளே ஒன்று தீப்பிடித்தது. டிசம்பர் 13 முதல், மடித்தாலும் சரி, மடிக்காவிட்டாலும் சரி, இந்த வண்டிகளை இரயிலிலும் பேருந்திலும் ஏற்றக்கூடாதென்று அங்கே தடை விதித்தார்கள்.

சிங்கப்பூரின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. நம் ஊர்ப் பிள்ளைகள் பிழைக்கப் போன நாடல்லவா! 2016 டிசம்பரில், மடித்த வண்டியை எந்த நேரத்திலும் பேருந்திலும் இரயிலிலும் கொண்டு செல்லலாமென்று அங்கே அனுமதித்தார்கள். மடித்த பின் 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்று அளவும் சொன்னார்கள். வண்டியா பெட்டியா என்று நடத்துநரும் பயணியும் வாதாட வேண்டிய தேவையே அங்கு இல்லை! ஆனால் நடைபாதையிலே வண்டிகள் பெருகின, மோதின, உயிரும் போயிற்று. 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையிலே ஓட்டக்கூடாதென்று தடை. உணவு கொண்டு கொடுத்துப் பிழைத்த தொழிலாளர்கள் துடித்தெழுந்தார்கள். வேறு வண்டிக்கு மாறிக்கொள்ள 70 இலட்சம் வெள்ளி உதவித் திட்டம் பிறகு வந்தது. பாரிசிலோ 2023 ஏப்ரல் 2 அன்று மக்களிடமே வாக்குக் கேட்டார்கள்; வாக்களித்தவர்களிலே நூற்றுக்கு எண்பத்தொன்பது பேர் வாடகை வண்டிகள் வேண்டாம் என்றனர். ஆனால் வாக்களிக்க வந்தவர்களே நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இந்த நாடுகளிலே சண்டை பொறியைப் பற்றி எழுந்ததா? இல்லை, வீதியைப் பற்றி எழுந்தது. நடப்பவனுக்கு எவ்வளவு, ஓட்டுபவனுக்கு எவ்வளவு, பொதுவண்டிக்கு எவ்வளவு என்ற பாகப்பிரிவினைச் சண்டை அது.

வீதிக்கான சண்டை நமக்குப் புதிதா? இந்த இராஜாக்கமங்கலம் திருவிதாங்கூர் மன்னராட்சியிலே இருந்த காலத்தில், 1924 மார்ச் 30 அன்று வைக்கத்திலே தொடங்கியது போராட்டம். கோயிலுக்குள் போகவா கேட்டார்கள்? கோயிலைச் சுற்றிய தெருவிலே நடக்கக் கேட்டார்கள்! தலைவர்கள் சிறைபுகுந்த நேரத்திலே பெரியார் அங்கே போனார், சிறை சென்றார், மீண்டும் சிறை சென்றார். 1926-இலே அதே கோரிக்கை இதோ பக்கத்திலே, சுசீந்திரத்துத் தெருக்களுக்காக எழுந்தது. தெருவிலே கால் வைப்பதற்கே சிறை கண்ட மண் இது. ஆகவே வீதியிலே யாருக்கு இடம் என்று பேசுவது அரசியல்தான், ‘இதற்குமா அரசியல்?’ என்று கேட்போருக்கு இதுதான் நம் பதில்.

தெருவுக்குப் பின் பேருந்து. 1938-இலே திருவிதாங்கூர் அரசு தானே பேருந்து நடத்தத் தொடங்கிற்று. 1956 நவம்பர் 1-இல் குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. 1967-இலே கழகம் ஆட்சிக்கு வந்ததும் பேருந்துகளை நாட்டுடைமையாக்கும் பணி தொடங்கிற்று. 1997-இலே கலைஞர் ஆட்சியில் சிற்றுந்து வந்தது, பெரிய பேருந்து நுழையாத ஊருக்கு. பொறி வருவதற்கு முன்பே, அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரை நினைத்துப் போட்ட திட்டம் அது! 2021 மே மாதம் நகரப் பேருந்துகளிலே பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற ஆணை. 2025 ஜூனிலே விரிவுபடுத்தப்பட்ட சிற்றுந்துத் திட்டம்.

ஆனால் ஒன்றை மறைக்கமாட்டோம். அதே 2021-இலே, டிசம்பர் மாதம், இதே மாவட்டத்துக் குளச்சலிலே, மீன் விற்றுத் திரும்பிய முதிய பெண்மணி ஒருவரை, நாற்றம் வீசுகிறதென்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். நிலையத்திலே நின்று அவர் குமுறியதை நாடே பார்த்தது. முதலமைச்சர் ஸ்டாலின் கண்டித்தார்; ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். கட்டணத்தை ஆணையால் நீக்கிவிடலாம்; சருவத்தைக் கண்டு சுருங்கும் மூக்கை எந்த ஆணையால் நீட்டுவது?

அதனால்தான் அந்தக் கேள்வி தைத்தது. மடித்த வண்டி, தோளிலே பை மட்டும் மாட்டிய இளைஞனுக்காக அளவெடுத்துச் செய்தது. தலையிலே சுமை உள்ளவளுக்கும், இடுப்பிலே பிள்ளை உள்ளவளுக்கும், முழங்கால் நோகும் முதியவனுக்கும் அதிலே இடமில்லை. அவர்களுக்கும் மீதி வழி இருக்கிறதே! அந்த வழியைத் தனித்தனியே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நாடு சொல்லத் தொடங்கினால், வாங்க முடிந்தவன் நாற்பது நிமிடம் தூங்குவான், முடியாதவள் நாற்பது நிமிடம் நடப்பாள். தம்பியின் தூக்கத்தை நாம் பறிக்கச் சொல்லவில்லை. அம்மையாரின் கால்களுக்கும் அதே கணக்குப் போடச் சொல்கிறோம்.

கேட்பது பெரிதல்ல. பேருந்திலே சுமைக்கென்று ஓரிடம் வேண்டும்: மடித்த வண்டிக்கும் மீன் சருவத்துக்கும் ஒரே மரியாதையில். என்ன அளவு, என்ன எடை, கட்டணம் உண்டா இல்லையா என்பது எழுதி ஒட்டப்பட வேண்டும். நடத்துநரின் நல்ல மனத்தை நம்பிப் பயணம் நடக்கக்கூடாது. 2025 ஜூனிலே சென்னையில் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கினவே, அத்தகைய பேருந்து நாகர்கோவிலுக்கும் வேண்டும். சருவத்தோடு மூன்று படி ஏறிப் பார்த்தவர்களுக்குத் தாழ்தளத்தின் அருமை தெரியும். தொழிற்பேட்டைகளின் வாசல்வரை, வேலை நேரத்துக்குச் சிற்றுந்து வேண்டும். நடைபாதை நடப்பவனுக்கே வேண்டும். அதிலே தம்பியின் வண்டியும் ஏறக்கூடாது, கடைக்காரரின் பலகையும் ஏறக்கூடாது.

இராஜாக்கமங்கலம் சந்திப்பு வந்தது. இறங்கினோம். துறைக்கு இன்னும் தெற்கே போக வேண்டும் அம்மையார். தம்பி வண்டியை விரித்தார். சருவத்தை வாங்கி, கால் வைக்கும் பலகையின்மேல் வைத்துப் பார்த்தார். பலகை ஒரு சாண் அகலம். சருவம் இரண்டு முழம். நிற்கவில்லை, சரிந்தது. இன்னொருமுறை வைத்தார், மறுபடியும் சரிந்தது.

“விடு மக்களே” என்று சிரித்தபடி சும்மாட்டைச் சரிசெய்து சருவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்ட அம்மையார், அருகிலிருந்த கடைக்காரரிடம், துறைக்கு அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார்.