முட்டை உடையாத ரகசியம்

சமையலறையில் கை தவறி ஒரு முட்டை தரையில் விழுகிறது. என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே முட்டை மெத்தைமேல் விழுந்தால்? பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். சைவ வாசகிகள் மன்னிக்கவேண்டும். சிறிய ஆகாய விமானங்களில் செல்வோரின் உயிரைக் காத்த கதையில் இந்த முட்டைக்கும் பெரிய பங்கு உண்டு!

1917-ம் வருஷம். ஹ்யூ டிஹேவன் என்ற அமெரிக்க இளைஞர் யுத்த விமானப் பயிற்சியில் இருந்தார். நடுவானில் இன்னொரு விமானத்துடன் மோதி, அவருடைய விமானம் தரையில் விழுந்தது. ஆனால் அவர் பிழைத்துவிட்டார். "தெய்வாதீனம்!" என்றார்கள் எல்லோரும். டிஹேவன் அதோடு விட்டுவிடவில்லை. தாம் உட்கார்ந்திருந்த பகுதி மட்டும் நசுங்காமல் இருந்ததைக் கவனித்தார். வயிற்றினுள் ஏற்பட்ட பலத்த காயத்துக்குக் காரணம், இடுப்பு வாரின் கூரான பக்கிள் என்றும் கண்டுகொண்டார்.

பல வருஷங்களுக்குப் பிறகு தம் வீட்டுச் சமையலறையிலேயே ஆராய்ச்சியை ஆரம்பித்தார். பத்தடி உயரத்திலிருந்து ரப்பர் மெத்தைமேல் முட்டைகளைப் போட்டுப் பார்த்தார். மெத்தை போதிய கனமாக இருந்தால் முட்டை உடையவில்லை. அடுத்து, 50 அடி முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் உயிர் தப்பிய எட்டுப் பேரின் விவரங்களை ஆராய்ந்து 1942-ல் வெளியிட்டார்.

அவர் கண்ட உண்மை இதுதான்: ஆளைக் கொல்வது வேகம் அல்ல, அந்த வேகம் சட்டென்று நிற்பதுதான்.

மணிக்கு 60 மைல் வேகத்தில் தரையில் இறங்கும் விமானம் பத்தடி தூரத்துக்குள் நின்றால், உள்ளே இருப்பவர்மேல் அவர் எடையைப்போல் சுமார் 12 மடங்கு விசை தாக்கும். நன்றாகக் கட்டப்பட்டிருந்தால் உடம்பு அதைத் தாங்கும். ஒரே அடியில் நின்றுவிட்டாலோ, 120 மடங்கு! அதனால்தான் ஆபத்தில் சிக்கிய விமானி, கூடியவரை வேகத்தைக் குறைத்துக்கொண்டு, புதரோ பயிரோ உள்ள இடமாகப் பார்த்து இறக்குகிறார். இறக்கை முறிந்தால் முறியட்டும். மோதலின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும்.

மனித உடம்பு எவ்வளவுதான் தாங்கும்? ஜான் ஸ்டாப் என்ற ராணுவ டாக்டர் தம்மையே பரீட்சைக்கு ஆளாக்கிக்கொண்டார். 1954 டிசம்பர் 10-ம் தேதி, நியூ மெக்ஸிகோவில், ராக்கெட் வண்டியில் மணிக்கு 632 மைல் வேகத்தில் பாய்ந்து, ஒன்றரை விநாடிக்குள் நின்றார். நாற்பது மடங்குக்கு மேற்பட்ட விசை! சிறிது நேரம் கண் தெரியவில்லை. பிறகு பார்வை திரும்பியது. 89 வயது வரை வாழ்ந்தார். உடம்பை இறுக்கிப் பிடித்திருந்த வார்களே அவரைக் காப்பாற்றின.

கண்ணாடிச் சாமானை ரயிலில் அனுப்பும்போது நாம் என்ன செய்கிறோம்? நசுங்காத பெட்டி, ஆடாத கட்டு, உள்ளே வைக்கோல். மனிதனையும் அப்படியே 'பாக்கிங்' செய்யுங்கள் என்றார் டிஹேவன். இடுப்பு வார் மட்டும் இருந்தால், உடம்பு மடிந்து தலை எதிரே உள்ள கருவிப் பலகையில் மோதும். ஆகவே தோள் வாரும் தேவைப்பட்டது. 1978 ஜூலைக்குப் பின் அமெரிக்காவில் தயாரான சிறிய விமானங்களின் முன் ஆசனங்களுக்கும், 1986 டிசம்பருக்குப் பின் தயாரானவற்றின் எல்லா ஆசனங்களுக்கும் அது கட்டாயமாயிற்று.

தாய்மார்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மடியில் பத்துக் கிலோ குழந்தை இருக்கிறது. பத்து மடங்கு விசை தாக்கும் அந்தக் கணத்தில் அது நூறு கிலோ! எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. பாசம் வேறு, பலம் வேறு. விமானமானாலும் சரி, காரானாலும் சரி, குழந்தைக்கென்று உள்ள தனி ஆசனத்தில் அதை வைத்துக் கட்டுவதே பத்திரம்.

உங்கள் வாரையும் இடுப்பெலும்பின்மேல் தாழ்வாக, இறுக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள். புதுப் புடவை கசங்கினால் கசங்கட்டும்!